கேலியின் இலக்கு யார்? அமெரிக்கக் கட்சி அரசியலில் இன அங்கதமும் ‘அரசியல் சரி’யும்

2008 ஜூலையில் ‘நியூ யார்க்கர்’ வார இதழின் அட்டையில் ஒரு கேலிச்சித்திரம் வெளியாயிற்று. இடம், வெள்ளை மாளிகையில் அதிபரின் அலுவலக அறை. தலைப்பாகையும் நீண்ட அங்கியும் செருப்பும் அணிந்த பராக் ஒபாமா, தன் மனைவி மிஷெலின் கைமுட்டியோடு தன் கைமுட்டியைச் செல்லமாக இடித்துக்கொள்கிறார். மிஷெலுக்கு ராணுவக் காற்சட்டை, பெரிதாய்ச் சுருண்டு நிற்கும் தலைமுடி, தோளில் ஏகே-47 துப்பாக்கி. பின்னால் கணப்படுப்பில் அமெரிக்கக் கொடி எரிந்துகொண்டிருக்கிறது. அதற்கு மேலே சுவரில் ஒசாமா பின் லாடனின் படம் மாட்டியிருக்கிறது. வரைந்தவர் பேரி பிளிட். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஒபாமாதான் என்பது ஏறத்தாழ முடிவாகியிருந்த நேரம் அது.

இதழ் ஒபாமாவைத் தாக்கவில்லை. ஒபாமா ரகசிய முஸ்லிம், அவர் மனைவி நாட்டை வெறுப்பவர், மேடையில் அவர்கள் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டதுகூடப் பயங்கரவாதிகளின் சைகையாக இருக்கலாம் என்றெல்லாம் அந்தக் கோடையில் பரவிய வதந்திகளை ஒரே படத்தில் குவித்துக் காட்டி, இதையா நம்புகிறீர்கள் என்று நம்புகிறவர்களைக் கேட்பதுதான் நோக்கம். படத்துக்கு ‘அச்சத்தின் அரசியல்’ என்ற தலைப்பும் இருந்தது. ஆனால் அந்தத் தலைப்பு அட்டையில் இல்லை, உள்ளே பொருளடக்கப் பக்கத்தில் இருந்தது. கடையில் தொங்கும் இதழைப் பார்த்தவருக்கும் தொலைக்காட்சியில் அட்டையை மட்டும் பார்த்தவருக்கும் கிடைத்தது வதந்தியின் வண்ணப்படம் மட்டுமே. ரசனைகெட்டது, புண்படுத்துவது என்றது ஒபாமாவின் பிரசாரக் குழு. அவரை எதிர்த்துப் போட்டியிட்ட ஜான் மெக்கெயினின் குழுவும் அதையே வழிமொழிந்தது. அந்தத் தேர்தலில் இரு தரப்பும் ஒத்துப்போன சில விஷயங்களில் இதுவும் ஒன்று.

அங்கதத்தைத் தொல்காப்பியம் இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாக வைவது செம்பொருள் அங்கதம். வசையை மறைத்து, வேறொன்றைச் சொல்வதுபோல் சொல்வது பழிகரப்பு அங்கதம். உன் படைக்கலங்கள் பீலி சூட்டி நெய் பூசி மின்னுகின்றன, அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவையார் தொண்டைமானிடம் சொன்னது இரண்டாம் வகை. தொண்டைமான் அதைப் புகழ்ச்சியென்றே எடுத்துக்கொண்டிருந்தால் தூது வீணாகியிருக்கும். பழிகரப்பு வகைக்கு உள்ள ஆபத்து இதுவே: மறைத்து வைத்ததைக் கேட்பவர் கண்டெடுக்க வேண்டும். கண்டெடுக்க உதவுபவை சொல்லின் சூழல், சொன்னவர் யார், யாரிடம் சொன்னார் என்பவை. இவற்றை ஒட்டுமொத்தமாகச் சட்டகம் என்று வைத்துக்கொள்வோம்.

இன அங்கதம் என்பது ஓர் இனத்தைப் பற்றி ஊரில் வழங்கும் அச்சடித்த பிம்பங்களை எடுத்துக் கையாளும் கேலி. இதில் கருவி வேறு, இலக்கு வேறு. பிளிட்டின் படத்தில் கருவி தலைப்பாகையும் துப்பாக்கியும். இலக்கு வதந்தி பரப்புவோர். ஒரு நிறவெறியரும் இதே தலைப்பாகையையும் துப்பாக்கியையும் வரைந்திருக்க முடியும். அப்போது இலக்கு ஒபாமாவாக இருந்திருக்கும். தாளில் உள்ள கோடுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு சொல்வது எளிதல்ல. இனவாதத்தைக் கேலி செய்ய விரும்புகிறவர் இனவாதத்தின் பொருட்களையே கடன் வாங்க வேண்டியிருப்பதால்தான் இந்தக் குழப்பம் தீராமல் தொடர்கிறது.

அமெரிக்காவில் இந்தக் கடன் ஏன் இவ்வளவு கனக்கிறது என்பதை அந்நாட்டின் இரண்டு சொற்கள் காட்டும். 1830 வாக்கில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் எரித்த தக்கையின் கரியை முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பின அடிமையின் பேச்சையும் நடையையும் கேலி செய்து ஆடிப் பாடினார். அவர் பாடிய பாத்திரத்தின் பெயர் ஜிம் குரோ. பிற்காலத்தில் தென் மாநிலங்களில் கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளி, தனி ரயில் பெட்டி, தனிக் குடிநீர்க் குழாய் என்று விதித்த சட்டங்கள் அனைத்துக்கும் அந்த மேடைக் கோமாளியின் பெயரே நிலைத்தது.

இரண்டாவது சொல்லின் கதை கட்சி அரசியலுக்கு இன்னும் நெருக்கமானது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1863 இறுதியில், நியூ யார்க்கில் ஒரு சிறுநூல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. வெள்ளையரும் கறுப்பரும் மணந்து கலப்பதே மனிதகுலம் மேம்படும் வழி என்றும், குடியரசுக் கட்சி அதைத் தன் கொள்கையாக அறிவிக்க வேண்டும் என்றும் அது உருக்கமாக வாதிட்டது. ‘கலத்தல்’, ‘இனம்’ என்று பொருள்படும் இரு லத்தீன் சொற்களை ஒட்டி ‘மிசெஜெனேஷன்’ என்ற புதுச்சொல்லையும் உருவாக்கியது. அடிமை ஒழிப்பு இயக்கத்தின் முன்னணியினருக்குப் பிரதிகள் அனுப்பிக் கருத்து கேட்கப்பட்டது. சிலர் நல்லெண்ணத்தோடு பதிலும் எழுதினார்கள். நூலை எழுதியவர்களோ ஜனநாயகக் கட்சி ஆதரவு நாளேடான ‘நியூ யார்க் வேர்ல்ட்’ இதழைச் சேர்ந்த டேவிட் குட்மன் குரோலியும் ஜார்ஜ் வேக்மனும். 1864 தேர்தலில் லிங்கனின் கட்சியை வெள்ளை வாக்காளர் முன் அசிங்கப்படுத்துவதற்காக, எதிரியின் குரலிலேயே எழுதிய பகடி அது. லிங்கன் வென்றார். ஆனால் அந்தக் கேலிச்சொல் தங்கிவிட்டது. கலப்பு மணத்தைத் தடைசெய்த மாநிலச் சட்டங்கள் அந்தச் சொல்லாலேயே குறிக்கப்பட்டன. அவற்றை உச்ச நீதிமன்றம் 1967இல்தான் செல்லாதென்றது. ‘வெறும் ஜோக்தானே’ என்ற வாதம் அமெரிக்கக் கறுப்பர்களிடம் எடுபடாததற்கு, இரண்டு ஜோக்குகள் சட்டமான கதையைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை என்பேன்.

இனி ‘பொலிட்டிக்கல் கரெக்ட்னஸ்’. தமிழில் ‘அரசியல் சரி’ என்றும் ‘அரசியல் சரித்தன்மை’ என்றும் எழுதுகிறோம். ஒடுக்கப்பட்ட குழுக்களை இழிவுபடுத்தும் சொல், படம், கேலி ஆகியவற்றைப் பொதுவெளியில் தவிர்க்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அது குறிக்கிறது என்று அகராதி சொல்லும். நடைமுறையில் அது பெரும்பாலும் ஒரு குற்றச்சாட்டு. ‘நான் அரசியல் சரியோடு பேசுகிறவன்’ என்று யாரும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை. எதிராளியைத்தான் அப்படிச் சொல்வார்கள். 1970களின் அமெரிக்க இடதுசாரிகள் தங்களுக்குள் விறைப்பாக நடந்துகொள்ளும் தோழரைக் கிண்டலடிக்க இதைப் பயன்படுத்தினார்கள். ஆக, அந்தச் சொல்லே அங்கதமாகப் புழங்கி வளர்ந்ததுதான். 1990 வாக்கில் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டம் குறித்த சண்டையில் வலதுசாரிகள் அதைக் கைப்பற்றினார்கள். 1991 மே மாதம் மிச்சிகன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பேசிய அதிபர் ஜார்ஜ் புஷ் (மூத்தவர்), இனவெறியின் எச்சங்களைத் துடைக்கும் நல்ல விருப்பத்தில் பிறந்த இந்தப் போக்கு, பழைய பாரபட்சங்களின் இடத்தில் புதியவற்றை வைக்கிறது என்றார். 2015 ஆகஸ்டில் குடியரசுக் கட்சி வேட்பாளர்களின் முதல் விவாதத்தில், பெண்களைப் பற்றிய வசைகள் குறித்துக் கேட்கப்பட்டபோது டொனால்ட் டிரம்ப், இந்த நாட்டின் பெரிய பிரச்சினையே அரசியல் சரி பார்ப்பதுதான் என்றார், அரங்கம் கைதட்டியது. புஷ்ஷின் பேச்சிலிருந்த ‘நல்ல விருப்பத்தில் பிறந்த’ என்ற தயக்கம் இருபத்துநான்கு ஆண்டுகளில் காணாமல் போயிருந்தது.

சட்டகம் கைமாறக் கைமாற ஒரு கேலிக்கு என்ன நேர்கிறது என்பதை ஒரே ஒரு பாட்டின் பயணத்தில் பார்க்கலாம். ஹாலிவுட் படங்களில் அடிக்கடி வரும் ஒரு பாத்திரம் உண்டு: தனக்கென்று கடந்த காலமோ ஆசையோ இல்லாமல், வெள்ளைக் கதாநாயகனைக் கரையேற்றவே எங்கிருந்தோ வந்து நிற்கும் நல்ல கறுப்பர். விமர்சகர்கள் இதற்கு ‘மேஜிக் நீக்ரோ’ என்று கசப்போடு பெயர் வைத்தார்கள். 2007 மார்ச்சில் டேவிட் எரென்ஸ்டீன் என்ற கறுப்பின விமர்சகர் ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ நாளேட்டில், ஒபாமாமீது வெள்ளைத் தாராளவாதிகள் காட்டும் பரவசம் இந்தப் பாத்திரத்தின் மீதான பரவசம்தான், தங்கள் குற்றவுணர்ச்சிக்கு அவர்கள் தேடும் மருந்து அவர் என்று எழுதினார். இது முதல் சட்டகம்: எழுதியவர் கறுப்பர், இடம் நாளேட்டின் கருத்துப் பக்கம், இலக்கு வெள்ளைத் தாராளவாதி.

வலதுசாரி வானொலியின் பெரும்புள்ளியான ரஷ் லிம்பா கட்டுரையை ஒலிபரப்பில் எடுத்துக்கொண்டார். அவருக்காகப் பகடிப் பாடல்கள் செய்து தரும் பால் ஷாங்க்ளின், பழைய சிறுவர் பாடல் ஒன்றின் மெட்டில் ‘பராக் தி மேஜிக் நீக்ரோ’ என்று ஒரு பாட்டுக் கட்டி, கறுப்பினத் தலைவர் அல் ஷார்ப்டனின் குரலை நடித்துப் பாடினார். அல் ஷார்ப்டன் தன்னைவிட ஒபாமாவை வெள்ளையர் விரும்புவதைப் பார்த்துப் பொருமுவதாகப் பாட்டு அமைந்தது. நாங்கள் அவர்கள் எழுதியதைத்தான் திருப்பிச் சொல்கிறோம் என்பது லிம்பா தரப்பு வாதம். சொல்லளவில் அது பொய்யல்ல. ஆனால் பாடியவர் கறுப்பரின் குரலைப் போலி செய்யும் வெள்ளையர். ஒலித்த நிகழ்ச்சியின் நடத்துநரோ, கறுப்பினக் கால்பந்து வீரர் ஒருவரின் திறமையை ஊடகங்கள் நிறத்துக்காக ஊதிப் பெருக்குகின்றன என்று சொல்லி 2003இல் ஒரு விளையாட்டுத் தொலைக்காட்சியிலிருந்து விலக நேர்ந்தவர். கரி பூசிய மேடையின் நினைவு வருவதைத் தடுக்க முடியவில்லை.

மூன்றாவது சட்டகம்தான் விபரீதம். 2008 டிசம்பரில், ஒபாமா வென்ற பின்பு, குடியரசுக் கட்சியின் தேசியக் குழுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட சிப் சால்ட்ஸ்மன், அந்தப் பாட்டு அடங்கிய ஷாங்க்ளினின் குறுந்தகட்டைக் குழு உறுப்பினர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக அனுப்பினார். இப்போது சுற்றிலும் கட்டுரை இல்லை, வானொலி நிகழ்ச்சி இல்லை. கட்சித் தலைமைக்கு வர விரும்புபவரின் கையிலிருந்து கட்சிக்காரர்களின் கைக்குப் போகும் ஓர் உறை மட்டுமே. அப்போதைய தலைவர் மைக் டங்கன் அதிர்ச்சி தெரிவித்தார். அதே பதவிக்குப் போட்டியிட்ட கறுப்பினத்தவரான கென் பிளாக்வெல்லோ, ஊடகங்கள்தாம் அளவுக்கு மீறித் தொட்டாற்சுருங்கியாகின்றன என்று சால்ட்ஸ்மனுக்காகப் பேசினார். வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் சால்ட்ஸ்மன் விலகிக்கொண்டார். 2009 ஜனவரி 30 அன்று ஆறாவது சுற்றில் 91க்கு 77 என்ற கணக்கில் வென்றவர் மைக்கேல் ஸ்டீல். அந்தக் குழுவின் முதல் கறுப்பினத் தலைவர். குறுந்தகட்டின் கதையே அவரை வெல்ல வைத்தது என்று சொல்வது மிகை. அது அவருக்குக் கெடுதல் செய்யவில்லை என்று சொன்னால் போதும்.

இலக்கு மிகத் தெளிவாக இருந்தும் கருவி வலித்த ஓர் உதாரணத்தையும் பார்க்க வேண்டும். 2011 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் குடியரசுக் கட்சி மாணவர்கள் மேசை போட்டுக் கேக்கு விற்றார்கள். வெள்ளையருக்கு 2 டாலர், ஆசியருக்கு 1.50, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருக்கு 1, கறுப்பருக்கு 75 சென்ட், பூர்வகுடியினருக்கு 25 சென்ட். பெண்கள் யாராயினும் 25 சென்ட் தள்ளுபடி. (அந்தக் கணக்கில் பூர்வகுடிப் பெண்ணுக்குக் கேக்கு இலவசம்.) மாணவர் சேர்க்கையில் இனத்தையும் பாலினத்தையும் கருத்தில் கொள்ள அனுமதிக்கும் மசோதா ஒன்று அப்போது ஆளுநரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கேக்கு விலையில் இது அநியாயமென்றால் சேர்க்கையில் மட்டும் நியாயமா என்பதே மாணவர்களின் கேள்வி. அங்கதமாக அது கச்சிதமானது; இலக்கு ஒரு கொள்கை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆயினும் அந்த விலைப்பட்டியலைக் கடந்து வகுப்புக்குப் போன ஒரு கறுப்பின மாணவர் தன் இனத்துக்கு எதிரே ‘75 சென்ட்’ என்று எழுதியிருப்பதைப் படித்தார். மனிதர்களை ஏலத்தில் விலை கூவி விற்ற நாடு அது. கேக்கின் விலை அது, ஆளின் விலையல்ல என்று விளக்கலாம். விளக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் விஷயம். ஆளுநர் ஜெர்ரி பிரௌன் அடுத்த மாதம் மசோதாவைத் திருப்பி அனுப்பினார்.

இந்த இடர் வலதுசாரிகளுக்கு மட்டும் உரியதல்ல. வலதுசாரித் தொலைக்காட்சி அறிஞரைப் போல நடித்துக் கேலி செய்த ஸ்டீபன் கோல்பெர், 2014 மார்ச்சில், அப்போது பூர்வகுடிகளை இழிக்கும் பெயர் கொண்டிருந்த வாஷிங்டன் கால்பந்து அணியை எடுத்துக்கொண்டார். அணியின் உரிமையாளர் பெயரை மாற்ற மறுத்து, அதே பெயரில் பூர்வகுடிகளுக்கு ஓர் அறக்கட்டளை தொடங்கியிருந்தார். அப்படியானால் நானும் ஆசியர்களுக்காக ‘சிங்-சாங் டிங்-டாங்’ அறக்கட்டளை தொடங்குகிறேன் என்றார் கோல்பெர். நிகழ்ச்சிக்குள் அணியின் கதை முன்னே வந்ததால் இலக்கு தெரிந்தது. மறுநாள் நிகழ்ச்சியின் ட்விட்டர் கணக்கில் கடைசி வரி மட்டும் தனியாகப் போடப்பட்டது. ஆசிய அமெரிக்கர்கள் கொதித்தார்கள்; நிகழ்ச்சியை நிறுத்தக் கோரும் முழக்கம் பரவியது; வலதுசாரிக் கட்டுரையாளர் மிஷெல் மல்கினும் சந்தோஷமாகச் சேர்ந்துகொண்டார். மறுமுனையில், கறுப்பின நகைச்சுவையாளர் டேவ் சாப்பெல், 5 கோடி டாலர் ஒப்பந்தத்தை உதறி 2005இல் தன் நிகழ்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். கரி பூசிய மேடையையே கேலி செய்யும் காட்சி ஒன்றின் படப்பிடிப்பில் வெள்ளையர் ஒருவர் சிரித்த விதம் தன்னை உலுக்கிவிட்டது என்று பின்னர் சொன்னார். அந்த மனிதர் கேலி செய்பவரோடு சேர்ந்து சிரிக்கவில்லை, கேலியில் காட்டப்பட்ட கறுப்பரைப் பார்த்துச் சிரித்தார். ஒரு கலைஞன் தன் இலக்கு மாறிவிட்டதைக் காதாலேயே கண்டுபிடித்த இந்தக் கணம், இது பற்றி எழுதப்பட்ட பல கோட்பாடுகளைவிட எனக்குத் தெளிவாகப் படுகிறது.

‘அரசியல் சரி’ பார்ப்பது இடதுசாரிகளின் தனிச்சொத்து என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குச் சில நாட்களில், விமானங்களைக் கடத்தியவர்களைக் கோழைகள் என்பது பொருந்தாது என்று தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்துநர் பில் மாஹர் சொன்னபோது விளம்பரதாரர்கள் விலகினார்கள். மக்கள் பேச்சில் கவனமாக இருக்க வேண்டும் என்றார் வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளர். அடுத்த ஆண்டு நிகழ்ச்சி நின்றது. நிகழ்ச்சியின் பெயர் ‘அரசியல் சரியற்றது’ என்பது கூடுதல் சுவை. இராக் போரை பிரான்ஸ் எதிர்த்ததற்காக 2003இல் பிரதிநிதிகள் சபை உணவகத்தில் ‘பிரெஞ்சு ஃப்ரைஸ்’ ‘ஃப்ரீடம் ஃப்ரைஸ்’ ஆனது.

சட்டம் இந்தச் சண்டைகளில் பெரும்பாலும் ஒதுங்கி நிற்கிறது. அரசியல் சட்டத்தின் முதலாம் திருத்தப்படி அரசு கேலியைத் தடுக்க இயலாது. பொதுவாழ்வில் உள்ளவர்களை மிக அருவருப்பாகக் கேலி செய்தாலும் மனவேதனைக்காக நஷ்டஈடு கேட்க முடியாது என்று 1988இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2017இல் ஆசிய அமெரிக்க இசைக்குழு ஒன்று, தங்கள் கண்களைப் பழிக்கும் வசைச்சொல்லையே குழுவின் பெயராக்கி வணிக முத்திரையாகப் பதியக் கேட்டபோது, இழிவுபடுத்துகிறது என்று காரணம் சொல்லி அரசு மறுக்கக் கூடாதென்றும் தீர்ப்பு வந்தது. வழக்காக முடியாததால் சண்டை விளம்பரத்துக்கும் வேலைக்கும் வாக்குக்கும் மாறுகிறது.

வாக்குக்கு மாறுவது எப்படி என்பதை 2024 அக்டோபர் கடைசி வாரம் காட்டியது. 27ஆம் தேதி நியூ யார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் டிரம்பின் கூட்டத்தில் பேசிய நகைச்சுவையாளர் டோனி ஹின்ச்கிளிஃப், கடல் நடுவே மிதக்கும் ஒரு குப்பைத் தீவு இருக்கிறது, அதன் பெயர் போர்ட்டோ ரிக்கோ என்றார். (அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட, ஸ்பானிய மொழி பேசும் கரீபியத் தீவு அது.) நகைச்சுவை விடுதியில் அது இன்னொரு வசை ஜோக்காகப் போயிருக்கும். கட்சிக் கொடிகளுக்கு நடுவே அது கட்சியின் கருத்தாக ஒலித்தது. அரசியல் சரியை எள்ளி வளர்ந்த பிரசாரக் குழுவே, இந்த ஜோக் வேட்பாளரின் கருத்தல்ல என்று அறிக்கை விட்டது. இரண்டு நாள் கழித்து அதிபர் ஜோ பைடன், தனக்குத் தெரியும் ஒரே குப்பை டிரம்பின் ஆதரவாளர்கள்தான் என்று பொருள்படப் பேசிவிட்டார். வெள்ளை மாளிகை வெளியிட்ட எழுத்துப் படியில் அந்த ஆங்கிலச் சொல்லில் ஒரு மேற்கொட்டு முளைத்தது. ‘ஆதரவாளர்கள்’ என்பது ‘ஆதரவாளரின்’ என்று மாறி, குப்பை என்றது ஹின்ச்கிளிஃபின் பேச்சை மட்டும் என்றாயிற்று. அடுத்த நாளே டிரம்ப் விஸ்கான்சினில் துப்புரவுத் தொழிலாளியின் ஆரஞ்சு அங்கியோடு குப்பை லாரியில் ஏறி உட்கார்ந்து செய்தியாளர்களைச் சந்தித்தார். போர்ட்டோ ரிக்கோ பேச்சிலிருந்து மறைந்தது.

ஓராண்டு போவதற்குள் கேலியின் இடமே மாறியது. 2025 செப்டம்பர் இறுதியில், அரசுச் செலவின மசோதா முடங்கியிருந்தபோது, பிரதிநிதிகள் சபையின் ஜனநாயகக் கட்சித் தலைவரும் கறுப்பினத்தவருமான ஹக்கீம் ஜெஃப்ரீஸின் தலையில் மெக்சிகோவின் அகன்ற சாம்பிரரோ தொப்பியையும் முகத்தில் மீசையையும் செயற்கை நுண்ணறிவால் ஒட்டிய காணொளியை அதிபர் டிரம்ப் தாமே வெளியிட்டார். ஜெஃப்ரீஸ் அதை இனவெறி என்றார். துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் செய்தியாளர்களிடம், அரசு அலுவலகங்களைத் திறக்க ஜெஃப்ரீஸ் ஒத்துழைத்தால் சாம்பிரரோ மீம்கள் நின்றுவிடும், இது என் வாக்குறுதி என்றார்.